குமுளி மூலிகைக் கடையில் போன 7,400 ரூபாய்: மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உஷார்

கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளிக்குப் போகிறவர்கள், வீட்டில் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று தம்பி தடுத்துவிட்டான். கட்டணம் வாங்கிக்கொண்டு ஏலம், மிளகு, கிராம்பு என்று தோட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, வெளியே வரும் வழியைத் தன் விற்பனைக் கூடத்துக்குள் வைத்திருக்கும் வகைக் கடை. அங்கே இப்படி எத்தனையோ உண்டு.

என் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ் மாத்திரை, காலையும் மாலையும். இதை நான் மறைக்கவில்லை. மாத்திரை அட்டையையே கொடுத்தேன். கல்லாவில் இருந்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பி, எழுத்தெழுத்தாக வாசித்தார். மற்ற கடையில் யார் இவ்வளவு பார்க்கிறார்கள்? அந்த வாசிப்பில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. "அக்கா, அது அதன் வழியில் போகும், இது இதன் வழியில் போகும். மஞ்சளும் மிளகும்தானே, நீங்கள் ரசத்தில் போடுவதுதான்" என்றார். மூன்று மாதத்துக்கு மஞ்சள் காப்ஸ்யூல், 7,400 ரூபாய். வெறும் மஞ்சள் உடம்பில் ஏறாது, இதில் மிளகுச் சத்து இருப்பதால் இருபது மடங்கு ஏறும் என்று பெருமை வேறு.

அந்த இருபது மடங்குதான் வினை.

சில வாரத்தில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் மருந்தின் அளவு இருக்க வேண்டியதைப்போல் இரண்டு பங்குக்கு மேல், சிறுநீரகம் கழிக்க வேண்டிய கழிவான கிரியேட்டினினும் கூடியிருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, புதிதாக என்ன சாப்பிடுகிறார் என்பது. டப்பாவை நீட்டினேன். "பைப்பரின் 95 சதவீதம்" என்ற வரியில் விரலை வைத்தார்.

அவர் சொன்னது இது. குடல் சுவரிலும் கல்லீரலிலும் சிஒய்பி 3ஏ4 என்று ஒரு நொதி இருக்கிறது. நாம் விழுங்கும் டாக்ரோலிமஸில் பெரும்பகுதியை அது ரத்தத்துக்குப் போகும் முன்பே சிதைத்துவிடும். அந்தச் சேதாரத்தையும் கணக்கிட்டுத்தான் மாத்திரை எழுதுகிறார்கள். மிளகின் காரப்பொருளான பைப்பரின் அந்த நொதியை மட்டுப்படுத்துகிறது, மருந்தைக் குடலுக்கே திருப்பித் தள்ளும் புரதத்தையும் சேர்த்து. சேதாரம் நின்றால் அதே மாத்திரை அதிக மருந்தாகிவிடுகிறது, அதிகமானால் அதுவே சிறுநீரகத்துக்கு நஞ்சு. 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வில் பைப்பரின் சேர்த்தபோது மஞ்சளின் சத்தான குர்குமின் பல மடங்கு கூடுதலாக ரத்தத்தில் சேர்ந்தது உண்மைதான். உடம்பு கழிக்க வேண்டியதைக் கழிக்க விடாமல் செய்வதால் கிடைக்கும் லாபம் அது. மஞ்சளுக்கு மட்டும் தடுத்து மாத்திரைக்கு வழிவிட அதற்குத் தெரியாது. ரசம் வேறு, மிளகில் பைப்பரின் நூற்றுக்கு ஐந்து முதல் ஒன்பது பங்குதான். காப்ஸ்யூலை நிறுத்தியதும் அளவு இறங்கியது.

இப்போது கடைக்காரரின் கதை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், முதலில் "டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள்". பிறகு "முதலாளி எர்ணாகுளம் போயிருக்கிறார்". நேரில் போனால், அட்டையை வாசித்த அதே மனிதர் என்னைப் பார்த்த நினைவே இல்லை என்கிறார். பில்லை எடுத்தேன். அதில் "மசாலாப் பொருட்கள், 7,400 ரூபாய்" என்று எழுதியிருக்கிறது. "மசாலாவைத் திருப்பி எடுக்கும் வழக்கம் இல்லை அக்கா." நடுங்கும் கையோடு என் கணவர் பக்கத்தில் நிற்கிறார், அவரிடம் நாற்காலி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் வரவில்லை. டப்பாவில் பைப்பரின் என்றிருந்தால் டாக்டரிடம் காட்டாமல் வாங்காதீர்கள். வலிப்பு மாத்திரை ஃபெனிடோயின் சாப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். டாக்ரோலிமஸ்காரர்களுக்குப் பம்ப்ளிமாஸும் வேண்டாம், கிரேப்ஃப்ரூட்டும் வேண்டாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை நேர் எதிர், நொதியைப் பெருக்கி மருந்தைக் குறைத்துவிடும். பொருளின் பெயர் இல்லாத பில்லை வாங்காதீர்கள்.

"கேஸ் போடுவதென்றால் இடுக்கிக்கு வந்து போடுங்கள்" என்று கடைக்காரர் சிரித்தார், குமுளி இருப்பது அந்த மாவட்டத்தில். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். தேனியில் போடுகிறேன், 7,400 ரூபாய்க்கும் ரத்தப் பரிசோதனைச் செலவுக்கும் சேர்த்து.