ஃபோர்வீல் விளக்கு எரிகிறது என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வேலைக்குப் பழைய ஃபோர்வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) வாங்க நினைப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் குத்தகை எடுத்திருக்கிறேன். அதற்காகப் பழைய காடி (கார்) விற்கும் கடையொன்றில் 19,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வாங்கினேன். முன்சக்கர நடுவிலுள்ள ஹப்பைக் கையால் திருகும் பழைய வகை. லாக்கில் வைத்தால் சக்கரம் ஆக்ஸலோடு (சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டு) இணையும், ஃப்ரீயில் வைத்தால் பிரியும். அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புச் சாயம். நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எண்ணெய்க் கசிவை மறைக்கத்தான் அந்தச் சாயம் என்று பிறகுதான் புரிந்தது.

ஃபோர்வீலைப் போட்டுக் காட்டச் சொன்னேன். விற்றவர் கியரைத் தள்ளினார், மீட்டரில் விளக்கு எரிந்தது. "ஓட்டிப் பார்க்கலாமா?" என்றேன். "அண்ணே, காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்வீல் போட்டால் கியர்பாக்ஸ் போய்விடும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். இந்த வகை வண்டியில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வளைவில் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழியில்லை, தாரில் ஓட்டினால் உள்ளே முறுக்கேறும். ஆனால் கடையிலிருந்து பத்தே நிமிடத்தில் தோட்டத்து மண் சாலை இருக்கிறது. அங்கே கூட்டிப்போக அவர் வாயே திறக்கவில்லை. ஓர் உண்மையைச் சொல்லியே என்னை ஏமாற்றினார், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டாவது வாரம், மழை விட்ட சாயங்காலம், 12 மூட்டை உரத்தோடு மேட்டில் ஏறினேன். எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை, கருகிய வாடை. கிளட்ச் வழுக்குகிறது. பின்னால் உருட்டி இறக்கும்போது சேற்றில் மாட்டிக்கொண்டேன். விளக்கு எரிகிறது, பின்சக்கரம் மட்டும் சுழல்கிறது. என் மைத்துனர் தள்ளி நின்று குனிந்து பார்த்தார். "மாமா, முன்பக்க ஷாஃப்ட் சுத்துது, ரெண்டு டயரும் அசையல" என்றார். டிராக்டர் வந்து இழுக்கும்போது இருட்டிவிட்டது.

பட்டறையில் போமன் (மெக்கானிக்) அண்ணன் இடது ஹப்பைக் கழற்றினார். உள்ளே பல்சக்கர வளையமே இல்லை, வெறும் கிரீஸ். வெளியே குமிழ் மட்டும் லாக், ஃப்ரீ என்று அழகாகத் திரும்புகிறது. வலது ஹப் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் முன் டிஃப்ரென்ஷியல் (இரு பக்கச் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) சக்தி முழுவதையும் அந்தப் பக்கமே சும்மா சுற்றவிடும், நல்ல பக்கத்துக்கும் எதுவும் போகாது. விளக்குக்கு இதெல்லாம் தெரியாது. முன்சக்கரங்களுக்கும் சக்தியைத் திருப்பிவிடும் டிரான்ஸ்ஃபர் கேஸில் கியர் மாட்டினால் அது எரியும், அவ்வளவுதான்.

கியர்பாக்ஸை இறக்கியதும் கிளட்ச் கதையும் தெரிந்தது. எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் ஒழுகிப் பிளேட் நனைந்து, ரிவெட் வரை தேய்ந்திருந்தது. இறக்குவதற்கான கூலிதான் அதிகம் என்பதால் பிளேட், கவர், ரிலீஸ் பேரிங், சீல் நான்கையும் ஒரேயடியாக மாற்றச் சொன்னேன். ஹப்போடு சேர்த்து 3,400 வெள்ளி.

நீங்கள் வாங்கப் போனால் ஒரு ஜாக் கேளுங்கள். ஃபோர்வீலைப் போடாமல், ஒரு முன்சக்கரத்தைத் தூக்கி, ஹப்பை லாக்கில் வைத்துக் கையால் சுற்றுங்கள். ரப்பர் பூட் போட்ட ஆக்ஸலும் கூடவே சுற்ற வேண்டும். ஃப்ரீயில் வைத்தால் சுற்றக்கூடாது. இரண்டு பக்கமும் பாருங்கள், நான் ஒரு பக்கம்கூடப் பார்க்கவில்லை. கிளட்சுக்கு, ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, நான்காவது கியரில் கொஞ்சம் முடுக்கிவிட்டுப் பெடலை விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கெடும். அப்புறம் மண் சாலையில் ஓட்டிப் பாருங்கள். பெயர் மாற்றப் புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிலையம்) சோதனை முடிந்துவிட்டது என்று காகிதத்தைக் காட்டுவார்கள். என் வண்டியும் அதில் தேறியதுதான்.

கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்றார்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுத்திருக்கிறேன். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், வக்கீல் தேவையில்லை. ரசீது, பட்டறைப் பில், காலி ஹப்பின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இந்த வட்டாரத்தில் யாராவது ஃபோர்வீல் பார்க்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே ஜாக்கோடு கூட வருகிறேன்.