ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

வெளிநாட்டில் இதழியல் முதுகலை படிக்க முயல்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். "முழு உதவித்தொகை உறுதி" என்று சொல்லி ஒரு கல்வி ஆலோசனை நிறுவனம் என்னிடம் பணம் வாங்கியது. கடைசியில் வந்தது ஒரு கடிதம். 'மொத்த நிதியுதவி' என்று தடித்த எழுத்தில் பெரிய தொகை. அதன் கீழே மூன்று வரி: கல்விக் கட்டணத்தில் சிறிய தள்ளுபடி, "பரிசீலிக்கப்படலாம்" என்ற குறிப்போடு பல்கலைக்கழகத் துறையில் பகுதிநேர உதவியாளர் வேலை, மிச்சமெல்லாம் கல்விக் கடன். வட்டியோடு நானே கட்டவேண்டிய கடனை உதவி என்று கூட்டிக் காட்டியிருக்கிறார்கள்! துறைக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். அந்தத் தள்ளுபடி, இடம் கிடைத்த எல்லா வெளிநாட்டு மாணவருக்கும் தானாகவே வருவதாம்.

அதைவிட ஆத்திரமூட்டியது, ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கி விண்ணப்பத்தோடு தரவேண்டிய நோக்கக் கட்டுரை. எனக்காக அதை அவர்களே எழுதியிருந்தார்கள். நான் களத்துக்குப் போய் எழுதிய ஒரு செய்திகூட அதில் இல்லை. "சிறுவயது முதலே ஊடகத்தின் மீது தீராத ஆர்வம்" என்று தொடங்கும் அதே பத்தி, அங்கே பணம் கட்டிய இன்னொருவரின் கட்டுரையிலும் வரி மாறாமல் இருந்தது. செய்தியாளராக வர நினைப்பவரின் பெயரில் நகலெடுத்த எழுத்து போனால் அவர் கதி என்ன?

பணத்தைத் திருப்பிக் கேட்டால், சேவைக் கட்டணம் திரும்பாது என்கிறார்கள்.

சரி, நிஜமான வழிகள் இருக்கின்றன. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. படிப்புக் கட்டணம், மாதச் செலவு, விமானப் பயணம் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் 2,800 மணிநேரப் பணி அனுபவம் வேண்டும், முடித்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடிவிடுவார்கள். இதைப் பற்றி அந்த நிறுவனம் வாயே திறக்கவில்லை. எனக்குத் தெரிவதற்குள் அந்த ஆண்டின் கடைசித் தேதி தாண்டிவிட்டது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் 2 ஆண்டு எராஸ்மஸ் முண்டுஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டு முதுகலைத் திட்டம்) இதழியல் படிப்பும் உண்டு. உதவித்தொகைக்குத் தேர்வானால் மாதம் 1,400 யூரோ. போட்டி கடுமைதான்.

அப்புறம், பல்கலைக்கழகத் தளத்தில் என் விண்ணப்பக் கணக்கை அந்த நிறுவனத்தார் தங்கள் மின்னஞ்சலில்தான் திறந்திருந்தார்கள், கடவுச்சொல்லும் தரவில்லை. ஏற்கெனவே இப்படி யாரிடமாவது சிக்கியிருந்தால், அடையாளச் சான்றோடு இன்றே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி, கணக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றச் சொல்லுங்கள். எனக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.