பிளிக்கர்ஸ் அட்டை: வகுப்பில் வைத்துப் பார்த்த ஒரு கணக்கு டீச்சர் சொல்வது

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகள் வீட்டில் தறி ஓடுகிறது. மீதிப் பேரின் அப்பா அம்மா சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள், அதில் ஒடிசா, பீகார் குடும்பங்களும் உண்டு. இந்த வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று ஒரே குரலாக வரும். அதை நம்பி அடுத்த கணக்குக்குப் போனால், பாடம் முடிந்ததும் வைக்கும் சின்னத் தேர்வான வளரறி (ஆ) பேப்பரைத் திருத்தும்போது வண்டவாளம் தெரியும். கேள்வி கேட்டாலும் கை தூக்குவது அதே நாலைந்து பேர்தான்.

இதற்குத்தான் பிளிக்கர்ஸ் அட்டையை எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகளிடம் போன் எதுவும் தேவையில்லை, டீச்சர் கையில் ஒன்று இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை, அதில் ஓர் எண். அட்டையின் நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். எது விடையோ அந்த எழுத்து மேலே வருமாறு திருப்பிப் பிடிக்க வேண்டும். நான் நின்ற இடத்திலிருந்தே போனில் பிளிக்கர்ஸ் செயலியைத் திறந்து, கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்று காட்டினால், யார் என்ன விடை பிடித்தார்கள் என்று பேரோடு வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் கட்டமும் வேறு வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அதே மாதிரி திருப்ப முடியாது. யாராவது மனசு மாறி அட்டையைத் திருப்பினால், திரும்ப ஒரு தடவை காட்டினால் போதும், புது விடை பதிவாகிவிடும்.

அட்டை இலவசம்தான், பிளிக்கர்ஸ் தளத்திலிருந்து பிடிஎப் இறக்கிக்கொள்ளலாம். 40 அட்டை உள்ள தொகுதியும் இருக்கிறது, 63 உள்ளதும் இருக்கிறது. நான் 40-ஐ எடுத்து, பெருந்துறை ஜெராக்ஸ் கடையில் கெட்டித் தாளில் போட்டேன். கடைக்காரர் "லேமினேஷன் பண்ணிருங்க அம்மணி, கிழியாது" என்றார். வேண்டவே வேண்டாம். பளபள பிளாஸ்டிக்கில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு மின்னினால் கேமராவுக்குக் கட்டம் தெரியாது. அட்டை எண்ணையும் வருகைப் பதிவேட்டு எண்ணையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஆறாம் வகுப்புப் பின்னம். 3/4 + 1/8 எவ்வளவு? ஏ: 4/12. பி: 7/8. சி: 4/8. நான் டி-யில் எப்போதும் ஒரே விடைதான் வைப்பேன்: "தெரியல". ஏ பிடித்த பிள்ளை மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டிவிட்டது. சி பிடித்த பிள்ளை கீழே உள்ள பகுதியை 8 என்று மாற்றத் தெரிந்து, மேலே உள்ள தொகுதியை மாற்ற விட்டுவிட்டது. இரண்டும் தப்பு, ஆனால் ஒரே தப்பில்லை. ஏ கும்பலுக்கு நான் காகிதத்தை மடித்து அரை, கால், அரைக்கால் என்று முதலிலிருந்து வர வேண்டும். சி கும்பலுக்கு இரண்டு நிமிஷம் போதும். பேப்பர் திருத்தினால் இரண்டு பேருக்கும் பூஜ்யம், அவ்வளவுதான்.

டி-யைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஆரம்பத்தில் யாரும் அதைப் பிடிக்கவில்லை. தெரியாது என்று சொல்வதும் ஒரு விடைதான், திட்டு கிடையாது என்று உறுதியானதும் மெல்ல மெல்லப் பிடித்தார்கள். முதலில் பிடித்தது எப்போதும் கை தூக்கும் பையன்களில் ஒருவன், அதுதான் எனக்கு ஆச்சரியம். டி இல்லாவிட்டால் மூன்றில் ஒன்று குருட்டாம்போக்கிலேயே சரியாகிவிடும், நானும் சந்தோஷமாக ஏமாந்து போவேன்.

தலைமையாசிரியர் ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏனுங்க டீச்சர், சீட்டாட்டம் நடக்குதுங்களா?" என்றார். பிள்ளைகளுக்கு அன்று முழுக்க அதே பேச்சு.

எல்லாப் பிள்ளைக்கும் இது அப்படியே பொருந்திவிடாது. பார்வை குறைந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். பொடி எழுத்தில் எது மேலே என்று அவளுக்குத் தெரியாது. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர்தான் வழி சொன்னார்: ஏ பக்க விளிம்பில் ஒரு ஸ்டேப்ளர் பின், பி-யில் இரண்டு, சி-யில் மூன்று, டி வெறுமை. விரலால் தடவினால் தெரிந்துவிடும். அந்தப் பின், அட்டை நடுவிலிருக்கும் கட்டத்தின் மேல் ஏறக்கூடாது, வெள்ளை ஓரத்திலேயே நிற்க வேண்டும். இப்போது மற்ற பிள்ளைகளும் பின் அடித்துக் கேட்கிறார்கள்.

ஒடியா பேசும் பையனுக்கு அட்டை பிரமாதம், கேள்விதான் முட்டுக்கட்டை. கணக்கில் அவன் கெட்டி. "பகுதி", "தொகுதி" என்றால் விழிப்பான். அதனால் கேள்வியைப் பலகையில் எண்ணாகவும் படமாகவும் எழுதிவிட்டு, இந்தி தெரிந்த இன்னொரு பையனைச் சொல்லச் சொல்கிறேன். நான் அளக்க வேண்டியது அவனுடைய பின்னத்தை, தமிழை அல்ல. தமிழைத் தமிழ் டீச்சர் பார்த்துக்கொள்வார்.

எழுதுவதற்குச் சிரமப்படும் பிள்ளைக்கும் இது நல்ல வழி. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அரசுத் தேர்வுகள் இயக்ககமே அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவரையும் ஒரு மணி நேரக் கூடுதல் நேரத்தையும் தருகிறது. பத்தாம் வகுப்பில் கிடைக்கும் சலுகையை ஆறாம் வகுப்பில் கேட்டால் "மத்த பிள்ளைங்க கேட்பாங்களே" என்கிறார்கள். கேட்கட்டுமே.

போனில் வரும் பட்டியலை ஸ்மார்ட் போர்டில் போட்டுக் காட்டவும் வசதி உண்டு. பேருக்குப் பக்கத்தில் சரி, தப்பு நிறம் மாறி வரும். நான் அதைத் திறப்பதே இல்லை. மறைத்துப் பிடிக்கத்தானே அட்டை கொடுத்தோம், அப்புறம் சுவரளவு பெரிதாகக் காட்டினால் என்ன அர்த்தம்? அதே மாதிரி இந்த விடைகளை மதிப்பெண் பதிவேட்டிலும் ஏற்றுவதில்லை. வளரறிக்கு 40, பருவ முடிவில் வரும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று அந்தக் கணக்கு தனியாக ஓடட்டும். அட்டை நாளைக்கு நான் எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்று சொல்ல மட்டும்தான். மார்க் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், டி பிடிக்க ஒரு கையும் வராது.

குறை என்றால், நான்கு விடைக்குள் அடங்காத எதையும் இதில் கேட்க முடியாது. வடிவியலில் கோணம் வரையத் தெரியுமா, ஒரு கணக்கை எப்படி யோசித்தாய் என்பதற்கெல்லாம் நோட்டும் வாயும்தான். நல்ல கேள்வி எழுதவும் நேரம் பிடிக்கும், தப்பு விடைகளை யோசிப்பதுதான் பெரிய வேலை. செயலிக்கு நெட் வேண்டும், எங்கள் பக்கம் மழை வந்தால் சிக்னலும் போய்விடும். கட்டத்தின் மேல் விரல் பட்டாலும் படிக்காது, அதனால் முதல் சில வகுப்பு "விரலை எடு, விரலை எடு" என்பதிலேயே போகும்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். முப்பது பிள்ளைக்கு மேல் இருக்கிற வகுப்பு என்றால் தயங்காமல் இறக்கிப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு பேர் இருக்கிற ஈராசிரியர் பள்ளிக்கு இது வேண்டாம். சிலேட்டில் எழுதி நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொருத்தராகத் திருப்பிக் காட்டச் சொன்னாலே இதைவிடக் கூடுதலாகத் தெரியும். போன் சார்ஜும் மிச்சம்.