புதுச்சேரியில் ஒரு மரபணுப் பரிசோதனைச் சேவை: மூன்று தொகுப்புகளில் எதற்குப் பணம் கட்டலாம்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் நாங்கள், எங்கள் மூன்று வயது மகளின் வலிப்புக்குக் காரணம் தேடி, சென்ற ஆண்டு புதுச்சேரியில் உள்ள ஒரு தனியார் மரபணுப் பரிசோதனை மையத்துக்குப் போனோம். மையத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே எங்களுக்கு விற்கப்பட்ட மூன்று தொகுப்புகள் (வலிப்புக்கான பரிசோதனை, ரத்தக் கொதிப்புக்கான அபாய மதிப்பீடு, தொற்றுநோயும் மருந்துகளும் பற்றிய அறிக்கை) வேறு பெயர்களில் வேறு இடங்களிலும் கிடைக்கின்றன என்பதால், இந்த மதிப்புரை தொகுப்புகளைப் பற்றியதாகவே இருக்கட்டும். மூன்றுக்கும் சேர்த்து 57,000 ரூபாய் கட்டினோம். அதில் 48,000 வலிப்புப் பரிசோதனைக்கு. அந்தத் தொகையை மீண்டும் கேட்டாலும் கடன் வாங்கியாவது கட்டுவேன். மீதி 9,000 ரூபாயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மகளுக்கு முதல் வலிப்பு ஆறாவது மாதத்தில், தடுப்பூசி போட்ட அன்று இரவு காய்ச்சலோடு வந்தது. வலது கையும் காலும் மட்டும் இழுத்துக்கொண்டு அரை மணி நேரம் நீடித்தது. காய்ச்சலால் வரும் ஜன்னி, வளர்ந்தால் போய்விடும் என்றார்கள். இரண்டாவது முறை வந்தபோது காய்ச்சலே இல்லை. ஆயா (என் அம்மா) எண்ணெய் தேய்த்து, காலில் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது குழந்தையின் கண் மேலே செருகியது. அதன் பிறகு ஒரு மருத்துவமனையில் கார்பமாசெபைன் என்ற வலிப்பு மருந்தைத் தொடங்கினார்கள். மருந்தை ஏற்ற ஏற்ற, மாதம் ஒன்றாக இருந்த வலிப்பு வாரம் ஒன்றாக மாறியது. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. இறுதியாக, நாங்கள் பார்த்த குழந்தைகள் நரம்பியல் மருத்துவர்தான், 'வெந்நீரில் வலிப்பு வந்தது' என்று நாங்கள் தற்செயலாகச் சொன்னதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மரபணுப் பரிசோதனை செய்துவிடலாம் என்றார்.

மையத்தில் முதல் நாள் நன்றாகவே நடந்தது. ஊதா மூடி போட்ட சிறு குழாயில் குழந்தையிடமிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்தார்கள். குழந்தைக்கு நரம்பு கிடைப்பது எப்போதும் பெரும்பாடு. அங்கிருந்த செவிலியர் ஒரே குத்தில் எடுத்தார். எங்கள் இருவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். குழந்தையின் மரபணுவில் ஒரு மாற்றம் தென்பட்டால், அது பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்ததா, குழந்தையிடம் புதிதாக உண்டானதா என்பதை மூவரையும் ஒப்பிட்டால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். இதில் மிச்சம் பிடிக்க நினைத்து குழந்தைக்கு மட்டும் செய்யச் சொல்பவர்களிடம், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் என்றே கேட்டுக்கொள்வேன்.

பிறகு மரபணு ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கணவன் மனைவிக்கு நடுவே ஒரு கோடு. என் மனைவி எனக்கு மாமன் மகள் என்று சொன்னதும் அந்த ஒற்றைக் கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டார். சொந்தத்தில் மணம் செய்தவர்களுக்கு அப்படித்தான் குறிப்பார்களாம். என் அம்மா அந்த இரட்டைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மகளைப் பெண் கேட்டுப் போனவர் அவர்தான். 'சொந்தத்துல கட்டினா இப்படித்தான்' என்ற பேச்சை மூன்று ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

அடுத்து நடந்தது மன்னிக்க முடியாதது. நான்கு வாரத்தில் வரும் என்ற அறிக்கை ஏழாவது வாரம், இரவு ஒன்பது மணிக்கு, வாட்ஸ்அப்பில் 14 பக்க ஆங்கிலக் கோப்பாக வந்து விழுந்தது. ஒரு தொலைபேசி அழைப்புகூட இல்லை. முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில், நோயை உண்டாக்கும் மாற்றம் உறுதி என்று இருந்தது. மனைவி அந்த மரபணுவின் பெயரைக் கைப்பேசியில் தேடி, திடீர் மரணம் என்ற சொல்லில் நின்றுவிட்டார். ஆலோசகரைப் பார்க்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து இரவுகளும் நாங்கள் மாறி மாறி விழித்திருந்து குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்படிப்பட்ட அறிக்கையை ஆலோசகரின் வாயால் கேட்ட பிறகுதான் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். எழுத்து மூலம் புகார் கொடுத்தோம், வருத்தம் தெரிவித்தார்கள்.

ஆனால் அந்த ஐந்தாம் நாள் ஆலோசனை, ஒன்றேகால் மணி நேரம், நாங்கள் கட்டிய பணத்துக்கு உண்மையான பெறுமானம். மாற்றம் இருந்தது இரண்டாவது குரோமோசோமில் உள்ள எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில். நோயின் பெயர் டிராவே நோய்க்குறி. காய்ச்சலோ வெந்நீரோ, உடல் சூடேறினாலே வலிப்பைத் தூண்டக்கூடிய நோய் அது; வெந்நீர் என்றதும் நரம்பியல் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தது அதனால்தான். ஷார்லட் டிராவே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1978-ல் விவரித்தது. மரபணுக் காரணம் தெரிந்தது 2001-ல்தான். இந்த நோய் உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் இதே மரபணுவில்தான் பழுது. நரம்பு செல்லுக்குள் சோடியம் நுழைவதற்கான வாயிலைக் கட்டும் குறிப்பு அதில் இருக்கிறது. மூளையில் மற்ற செல்களைத் தூண்டிவிடும் செல்களும் உண்டு, அவற்றை அடக்கி வைக்கும் செல்களும் உண்டு. இந்த வாயில் குறைந்தால் முதலில் ஓய்ந்துபோவது அடக்கி வைக்கும் செல்கள். கார்பமாசெபைன், ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின் ஆகிய மருந்துகள் வேலை செய்வதே சோடியம் வாயிலை அடைத்துத்தான். மற்ற பல வலிப்புகளுக்கு அவை நல்ல மருந்துகள். எங்கள் குழந்தைக்கோ ஏற்கெனவே பாதியாகிப் போன வாயிலையும் அவை அடைத்தன. மருந்தை ஏற்ற ஏற்ற வலிப்பு ஏன் கூடியது என்ற கேள்விக்கு இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு பதில் கிடைத்தது. காரணம் தெரியாத நிலையில் அந்த மருந்தைத் தொடங்கிய மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விளக்கி முடித்த பிறகு ஆலோசகர் பழைய தாளை எடுத்து என் அம்மாவின் பக்கம் திருப்பினார். "அம்மா, இந்த மாற்றம் உங்க மகன்கிட்டயும் இல்ல, மருமகள்கிட்டயும் இல்ல. பாப்பாகிட்ட புதுசா வந்தது. இந்த ரெண்டு கோட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். அம்மா எதுவும் பேசவில்லை. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். சொந்தத் திருமணத்தால் கூடுகிற வேறு நோய்கள் உண்டு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான பிரதி வந்தால் மட்டும் தோன்றும் நோய்கள் அவை என்பதையும் ஆலோசகர் மறைக்கவில்லை. அடுத்த குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் கருமுட்டையிலோ விந்தணுவிலோ மட்டும் மாற்றம் ஒளிந்திருக்கலாம் என்றார். இந்த அளவு நேர்மை எனக்குப் போதும்.

அறிக்கையைப் பார்த்த நரம்பியல் மருத்துவர், பிஓஎல்ஜி என்ற மரபணுவில் கோளாறு இல்லை என்பதையும் அதிலேயே சரிபார்த்துக்கொண்டார்; அதில் கோளாறு உள்ளவர்களுக்கு வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்தால் கல்லீரல் செயலிழக்கும் அபாயம் உண்டு. பிறகு கார்பமாசெபைனைப் படிப்படியாகக் குறைத்து, வால்ப்ரோயேட்டும் குளோபாசாமும் கொடுத்தார். எட்டு மாதங்களில் நான்கு முறைதான் வலிப்பு வந்திருக்கிறது. நின்றுவிடவில்லை, பேச்சு இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்துவதே பெரிய வலிப்பைக் கொண்டுவரும்.

இரண்டாவது தொகுப்பை என் அப்பாவுக்காக எடுத்தோம். அவருக்கு 66 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாக ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கு வந்த அறிக்கை, ரத்தக் கொதிப்பு வரும் அபாயம் 'நடுத்தரம்' என்றது. பிழை ஆய்வகத்தின் கையில் இல்லை. நோயின் தன்மை அப்படி. எங்கள் மகளின் நோய் ஒரு மரபணுவின் பழுது. சாதாரண ரத்தக் கொதிப்பிலோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் ஆளுக்குக் கொஞ்சம் கை வைக்கின்றன. 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 535 புதிய இடங்களைச் சொன்னது. ஒவ்வொன்றும் ரத்த அழுத்தத்தைக் கூட்டுவது பெரும்பாலும் பாதரச அளவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தப் பத்து லட்சம் பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துப் போட்ட கணக்கு கடலூர் முதுநகரில் பிறந்தவருக்கு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. ஜீனோம் இந்தியா திட்டத்தின் சுமார் 10,000 பேரின் மரபணுத் தரவுகள் 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. நம்மவர்களுக்கான கணக்கு இனிமேல்தான் உருவாக வேண்டும்.

இளம் வயதிலேயே கொதிப்பு ஏறி, பொட்டாசியம் குறைந்து, குடும்பத்தில் பலருக்கும் அப்படியே இருந்தால் கதை வேறு. லிடில் நோய்க்குறி போல ஒற்றை மரபணுவால் வரும் கொதிப்புகள் உண்டு. அவற்றுக்குச் சோதனை செய்தால் மருந்தே மாறும். மற்றவர்கள் அந்தப் பணத்துக்கு வீட்டில் வைத்துப் பார்க்கும் நல்ல கருவி ஒன்றை வாங்கலாம். அப்பாவின் 160-ஐ 140-க்குக் கொண்டுவந்தது, மாத்திரையை நாள் தவறாமல் போட்டதும், தினமும் இருந்த கருவாட்டை வாரம் ஒரு நாளாக்கியதும்தான்.

மூன்றாவது தொகுப்பில் பாதி பயனுள்ளது, பாதி அலங்காரம். பயனுள்ள பாதி மருந்துகளைப் பற்றியது. எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமாசெபைன் தோலே உரிந்துபோகும் கொடிய ஒவ்வாமையைத் தரக்கூடும். ஆசிய வம்சாவளியினருக்கு அதைச் சோதித்துவிட்டு மருந்தைத் தொடங்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-லேயே அறிவுறுத்தியது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட்டைச் சிலர் உடல் மெதுவாகவே கழிக்கும், அவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு கூடுதல் என்ற பகுதியும் உருப்படியானது. சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இந்த வேறுபாட்டை அறுபதுகளிலேயே ஆராய்ந்திருக்கிறது என்பது நமக்குப் பெருமை. ஆனால் 'தொற்றுநோய் எதிர்ப்பாற்றல் மதிப்பெண்' என்று நூற்றுக்கு 71 போட்டுக் கொடுத்த பக்கத்தால் எந்த மருத்துவரும் எதையும் முடிவு செய்ய முடியாது. தொற்றுநோயில் உடனடியாக உதவுவது பெரும்பாலும் கிருமியின் மரபணு. சளியிலுள்ள காசநோய்க் கிருமிக்கு ரிஃபாம்பிசின் என்ற மருந்து வேலை செய்யுமா என்பதை சிபிநாட் கருவி இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது, அதுவும் அரசுத் திட்டத்தில் இலவசமாக.

போகிறவர்களுக்குச் சில. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. மாதிரியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா என்ற கட்டத்தில் ஏற்கெனவே 'சரி' குறி போடப்பட்டிருந்தது. வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். வலிப்பு வரும்போது எடுத்த காணொளியையும், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுபோங்கள். இரண்டாவது ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

இத்தனையிலும் எங்களுக்கு மிகவும் பயன்படுவது, அந்த இரண்டாவது ஆலோசனையில் கேட்டு வாங்கிய ஒற்றைப் பக்கக் கடிதம். வலிப்பு நிற்காமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் பல இடங்களில் ஊசி வழி போடும் மருந்துகளில் ஃபெனிட்டாயினும் ஒன்று. இந்தக் குழந்தைக்கு அதையும் கார்பமாசெபைனையும் தவிர்க்கவும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, நரம்பியல் மருத்துவரின் கையெழுத்தும் வாங்கி, கண்ணாடித்தாள் ஒட்டி மூன்று நகல் எடுத்தோம். ஒன்று என் வண்டியில், ஒன்று மனைவியின் கைப்பையில். மூன்றாவதை ஆயா தன் சுருக்குப்பையில், அந்தச் சதுரமும் வட்டமும் வரைந்த தாளோடு வைத்திருக்கிறார்.