கையுறை, ஒளிரும் மேலங்கி, பழைய ஹோண்டா: பாரிஸ் சாலைகளில் நீண்டகால அனுபவம்

பாரிஸின் வடகிழக்குப் புறநகரான போபினியிலிருந்து நகரின் தென்பகுதியிலுள்ள உணவகமொன்றுக்கு மாலை வேலைக்குச் சென்று, கடைசி ரயிலும் போன பின்னர் வீடு திரும்பும் எனக்கு, 1996ஆம் ஆண்டு ஹோண்டா சிபி 500 மோட்டார் சைக்கிள்தான் பல ஆண்டுகளாகத் துணை. இந்தக் காலத்தில் பிரெஞ்சு அரசு ஓட்டிகளின் உடை குறித்தும் வாகனங்களின் வயது குறித்தும் ஒன்றன்பின் ஒன்றாக விதிகளைக் கொண்டுவந்தது. அவற்றுக்காக வாங்கிய பொருட்களும், அவற்றால் முடங்கிய வண்டியும் நடைமுறையில் எப்படி இருந்தன என்பதையே இங்கு எழுதுகிறேன்.

2016 நவம்பர் 20 முதல், ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்தைக் குறிக்கும் சிஇ முத்திரை பெற்ற கையுறை அணிய வேண்டும். தவறினால் 68 யூரோ அபராதமும் உரிமத்தில் ஒரு புள்ளி இழப்பும் உண்டு. இதற்கும் முணுமுணுப்பு எழுந்தது என்றாலும், விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது கைதான் என்பதை அறிந்த ஓட்டிகளில் பெரும்பாலோர் விதி வருவதற்கு முன்பே கையுறை அணிந்துகொண்டுதான் இருந்தார்கள். கோடைக்குத் துளையிட்ட தோல் கையுறையும் குளிருக்கு நீர்புகாத தடித்த கையுறையும் வைத்திருக்கிறேன். தோல் கையுறை ஆண்டுகள் செல்லச் செல்லக் கைக்கு இணங்கி வந்தது; தையல் இன்னும் விடவில்லை. குளிர்காலக் கையுறையில்தான் தொல்லை. மழையில் நனைந்த கையை வெளியே இழுத்தால் உட்துணியும் விரல்களோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அதை மீண்டும் உள்ளே தள்ளி ஒவ்வொரு விரலையும் சரியாக நுழைப்பதற்குள் சமையலறையில் என் பெயரைக் கூப்பிடத் தொடங்கியிருப்பார்கள். வாங்குபவர்கள் இஎன் 13594 என்ற தர எண்ணோடு கேபி என்ற எழுத்துகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. விரல் மூட்டுகளுக்கான பாதுகாப்பு சோதிக்கப்பட்டிருப்பதை அவை குறிக்கின்றன.

ஒளிரும் உடை விவகாரம் வேறு வகையானது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளை ஓட்டுவோர் உடலின் மேற்பகுதியில் குறைந்தது 150 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு ஒளியைத் திருப்பும் பட்டை அணிய வேண்டும் என்று 2012 ஜனவரியில் ஆணை வெளியானது. 1980இல் தொடங்கப்பட்ட 'கோபங்கொண்ட மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் கூட்டமைப்பு' நாடெங்கும் ஊர்வலங்களை நடத்தியது. நடைமுறைக்கு வர வேண்டிய 2013 ஜனவரியிலேயே அந்த ஆணை நீக்கப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே என் கருத்து. ஓர் அஞ்சலட்டை அளவுள்ள பட்டை பின்னால் வருபவருக்கு உதவலாம். ஆனால் சந்திப்பில் நம் குறுக்கே திரும்பும் கார் ஓட்டுநர் எதிரே எரியும் முகப்பு விளக்கையே கவனிக்காதபோது, கையில் கட்டிய பட்டையையா கவனிக்கப்போகிறார்? 2016 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள விதி இதைவிட அறிவுடையது: மஞ்சள் மேலங்கியை வண்டியில் வைத்திருந்து, பழுதாகிச் சாலையோரம் நிற்கும்போது அணிந்தால் போதும். பெரிஃபெரிக் சுற்றுச்சாலையில் அதை அணிந்தே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். காற்றில் படபடத்துக் கழுத்தை அறுத்தது. இருக்கைக்கு அடியில் மடித்து வைத்தால் அது இடத்தை அடைப்பதில்லை, வெயிலில் வெளுப்பதுமில்லை.

வயது அடிப்படையிலான தடைதான் என் பிழைப்பில் கைவைத்தது. 2016 ஜூலை 1 முதல் வார நாட்களில் காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை என் ஹோண்டா போன்ற பழைய வண்டிகள் பாரிஸுக்குள் ஓடக் கூடாது. பின்னர், வண்டிகளை அவை வெளியிடும் மாசுக்கேற்ப வகுப்புகளாகப் பிரிக்க வந்த கிரித்ஏர் ஒட்டுத்தாள்களின் வரிசையிலும், 2000 ஜூனுக்கு முன் பதிவான இருசக்கர வண்டிகளுக்கு எந்த வகுப்பும் கிடையாது. ஆகவே நள்ளிரவில் வீடு திரும்ப எனக்குத் தடையில்லை, ஆனால் மாலையில் வேலைக்குப் போக முடியாது! இப்போது வேறொருவர் ஓட்டிய 125 சிசி ஸ்கூட்டர் ஒன்றில் போய் வருகிறேன். பெட்ரோல் செலவு குறைந்தது உண்மை. மழையில் ஹோண்டா தந்த நிதானத்தை இதன் சிறிய சக்கரங்கள் தருவதில்லை.

கார்புரேட்டர் இயந்திரத்தின் புகை நாற்றத்தை மறுக்கவில்லை. புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி இல்லாத வண்டி அது. ஆயினும் 2024 ஏப்ரலில் இருசக்கர வண்டிகளுக்கும் கட்டாயமான தொழில்நுட்பப் பரிசோதனையில் பிரேக், டயர், விளக்குகளோடு ஒலியும் புகையும் பார்க்கப்படுகின்றன. என் ஹோண்டா அதில் தேறியது. தேறிய பின்னும் பதிவுத் தேதியே அதன் தகுதியைத் தீர்மானிக்கிறது என்பதுதான் ஓட்டிகளின் சினத்துக்குக் காரணம். வண்டியைப் பேணியவருக்கும் பேணாதவருக்கும் இந்தத் தடையில் வேறுபாடு இல்லை.

2025இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியப் பேரவை, பழைய வண்டிகளுக்கு இப்படித் தடை விதிக்கும் நகர மண்டலங்களை ஒழிக்க வாக்களித்தது. நான் அதை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. 30 ஆண்டு நிறைந்த வண்டிக்குச் 'சேகரிப்பு வாகனம்' என்ற பதிவுச் சான்று பெறலாம். அந்தச் சான்றுள்ள வண்டிகளுக்குப் பாரிஸில் தடையில்லை. 2026இல் என் ஹோண்டாவுக்கு அந்த வயது நிறைகிறது. அதே இயந்திரம், அதே புகைக்குழாய், அதே புகை. சான்று மட்டும் மாறினால் மாலையிலும் உள்ளே போகலாம். அதற்கான விண்ணப்பத்தைத் தயார் செய்து வருகிறேன்.