சாண்டர்சனின் இலவச மிகுபுனைவு வகுப்பு: பார்க்க வேண்டியவையும் தாண்டிவிடலாம் என்பவையும்

நாவல் எழுதக் கற்றுத்தருவதாகச் சொல்லும் யூடியூப் காணொளிகளில் முக்கால்வாசி ஊக்கப் பேச்சுதான். அமெரிக்க மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சனின் வகுப்பு அந்த ரகமில்லை. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் 2004 முதல் அவர் நடத்திவரும் பாடம் இது: மிகுபுனைவும் அறிபுனைவும் எழுதுவது, எழுதியதை விற்பது. 2020-இல் பதிவான 13 விரிவுரைகளும் அவருடைய சேனலில் முழுசாக, காசில்லாமல் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 2025-இல் புதிய வரிசையும் வந்திருக்கிறது. ஆனாலும் தமிழில் எழுதத் தொடங்குபவருக்கு 2020 வரிசையைத்தான் சொல்வோம், அதன் ஏழாவது வகுப்புக்காக. 13-ஐயும் உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை, ஏழெட்டு போதும்.

வாத்தியார் யார் என்று தெரிந்துகொண்டால் பாடம் ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கும். பள்ளிக்கூடத்தில் புத்தகமே பிடிக்காத பையன் அவர். எட்டாம் வகுப்பில் ஓர் ஆசிரியை கையில் கொடுத்த டிராகன் கதைதான் திருப்பிப் போட்டது. கல்லூரிக் காலத்தில் ஓர் ஓட்டலில் இரவுப் பணி. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நாவலுக்கு மேல் நாவல். 2003-இல் ஒரு பதிப்பகம் வாங்கியது அவர் ஆறாவதாக எழுதியதை. அச்சில் வந்தது 2005-இல். அதற்குள் பத்துக்கும் மேற்பட்ட கைப்பிரதிகள் சேர்ந்துவிட்டன. ஆகவே, முதல் நாவலே புத்தகமாகிவிட வேண்டும் என்ற அவசரத்துக்கு இந்த வகுப்பில் இடமில்லை. முதல் சில பிரதிகள் கை பழகுவதற்கு என்பதுதான் அடிப்படை. பிடிக்காதவர்களுக்கு முதல் வகுப்பிலேயே அலுப்புத் தட்டும்.

சாண்டர்சன் விதிகள் என்று இணையத்தில் சுற்றும் மூன்றும் உலகக் கட்டமைப்பு வகுப்புகளைப் பார்க்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை. மாயத்தைக் கொண்டு எவ்வளவு பெரிய சிக்கலைத் தீர்க்கலாம் என்பது, அந்த மாயம் வாசகருக்கு எந்த அளவு புரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சக்தியைவிட அதன் வரம்புதான் கதைக்குச் சோறு போடும். புதிதாக ஒன்றைச் சேர்க்கும் முன் இருப்பதை விரித்துப் பார்க்க வேண்டும். கேட்கும்போது எளிது, எழுத உட்கார்ந்தால்தான் உறைக்கும்.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துப் புரவியெடுப்பில், ஊர் பிடிமண் (ஒரு பிடி ஊர்மண்) கொடுத்த பிறகுதான் வேளார், அதாவது மட்பாண்டம் செய்பவர், அய்யனாருக்கு மண்குதிரை செய்யத் தொடங்குவார். அந்தக் குதிரையை எழுப்பி ஓடவிடத் தெரிந்த ஒரு வேளார் பெண் நம் நாயகி என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக நடக்கும் விபத்து: கடைசி அத்தியாயத்தில் ஆயிரம் குதிரைகள் எழுந்து வந்து சண்டையை முடித்துவிடும், வாசகர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் காபி போடப் போய்விடுவார். முதல் விதிப்படி அந்த முடிவு செல்ல வேண்டுமானால், அதற்கு முன்பே குதிரை எழுவதை இரண்டு மூன்று தடவையும், எழாமல் போவதை ஒரு தடவையாவதும் அவர் பார்த்திருக்க வேண்டும். வரம்புகளை எழுதிவைக்கலாம்: பிடிமண் கொடுக்காத ஊரின் களிமண் எழாது, குதிரை நடமாடும் வரை அவள் கைகளுக்கு உணர்ச்சி இராது, சூளை காணாத குதிரை மழையில் கரையும். மூன்றாவது விதி இங்கேதான் வேலை செய்கிறது. பறக்கும் யானை ஒன்றைக் கூட்டிவருவதற்குப் பதிலாகப் பிடிமண்ணையே கிளறுவது. அதைக் கொடுக்கும் உரிமை யாருக்கு? கண்மாய் மண் எந்த ஊருக்குச் சொந்தம்? இரண்டு ஊர்ப் பிடிமண்ணைக் கலந்து செய்த குதிரை யார் பேச்சைக் கேட்கும்? சாதியும் நிலமும் தண்ணீரும் தாமாகவே கதைக்குள் வந்துவிடும்.

ஐந்தாவது, ஆறாவது வகுப்புகளை இப்படிச் சொந்தக் கதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் பயன். வரைபடம், வமிசாவளி, மூன்று மொழிகளுக்கு இலக்கணம் என்று ஆண்டுக்கணக்கில் தயாரித்துவிட்டு ஒரு பக்கமும் எழுதாதவர்களுக்கும் அங்கே மருந்து இருக்கிறது: கதையில் தெரியும் நுனிக்குக் கீழே, தண்ணீருக்குள் முழுப் பனிமலையும் இருக்க வேண்டியதில்லை, இருப்பதாக வாசகர் நம்பினால் போதும் என்கிறார். கதை தொடும் ஒன்றிரண்டு துறைகளை மட்டும் ஆழமாகத் தோண்டச் சொல்வதாகப் புரிந்துகொள்ளலாம். நம் நாயகிக்கு மண்ணும் சூளையும் தெரிந்தாக வேண்டும். நாணய முறையை ஒரு வரியில் கடந்துவிடலாம்.

கதைப்பின்னல் வகுப்புகள் (2, 3) இரண்டும் நல்லவை. வாக்குறுதி, முன்னேற்றம், பலன் என்று மூன்றாகப் பிரிக்கிறார். தொடக்கம் ஒரு வாக்குறுதி தருகிறது. நடுப்பகுதி அதை நோக்கி நகர்வதாக உணர்த்துகிறது. முடிவு அதைத் தீர்க்கிறது. நடுவில் தொய்கிறது என்று நாம் குறைசொல்லும் நாவல்களில் பெரும்பாலும் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமிருக்காது. எதை வைத்து முன்னேற்றத்தை அளப்பது என்றுதான் வாசகருக்குத் தெரிந்திருக்காது. முடிவை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்குத் தேவையான படிகளைப் பின்னோக்கிக் குறித்துக்கொண்டு போகும் அவருடைய முறை, வாரத் தொடராக எழுதுபவர்களுக்கு ரொம்பவே உதவும். நாற்பதாவது வாரத்தில் என்ன செய்வது என்று விழிக்க வேண்டியிராது.

இனி அந்த ஏழாவது வகுப்பு. நடத்துவது சாண்டர்சன் இல்லை. மேரி ராபினெட் கோவால். பொம்மலாட்டத்தைத் தொழிலாகச் செய்தவர், எழுத்தாளர். சிறுகதைக்கு அவர் தருவது ஒரு கணக்கு. கதை இழைகள் நான்கு வகை: ஓர் இடத்துக்குள் நுழைவதில் தொடங்கி வெளியேறுவதில் முடிவது, ஒரு கேள்வியில் தொடங்கி விடையில் முடிவது, தன்னைப் பற்றிய அதிருப்தியில் தொடங்கிப் புதிய தெளிவில் முடிவது, இயல்பு நிலை குலைவதில் தொடங்கி அது மீள்வதிலோ வேறொன்று நிலைப்பதிலோ முடிவது. எந்த இழையைக் கடைசியாகத் திறந்தோமோ அதை முதலில் மூட வேண்டும், அடுக்குப் பாத்திரம் மாதிரி. வேளார் பெண் பாழடைந்த கோயில் காட்டுக்குள் போகிறாள் (இடம்), அங்கே குதிரைகளை உடைத்தது யார் என்று தேடுகிறாள் (கேள்வி) என்றால், விடை காட்டுக்குள்ளேயே கிடைத்துவிட வேண்டும்; வெளியே வருவதோடு கதை முடிய வேண்டும். வெளியே வந்து, வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, பிறகு விடை தெரிந்தால் ஏதோ இடிக்கும். ஏன் இடிக்கிறது என்று பல எழுத்தாளர்களுக்குச் சொல்லத் தெரியாது. இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

நீளத்துக்கும் ஒரு சூத்திரம் தருகிறார். பாத்திரங்களின் எண்ணிக்கையையும் களங்களின் எண்ணிக்கையையும் கூட்டி 750-ஆல் பெருக்கு. வந்ததை இழைகளின் எண்ணிக்கையால் பெருக்கி 1.5-ஆல் வகு. இரண்டு பாத்திரம், இரண்டு களம், ஓர் இழை என்றால் 2,000 சொல். அதே கதையில் இழையை மூன்றாக்கினால் 6,000. இதழ் கேட்பது 2,000 சொல் என்றால், வரிவரியாக வெட்டுவதில் பிரயோசனமில்லை; ஓர் இழையையோ ஒரு பாத்திரத்தையோ எடுத்துவிட வேண்டும் என்பது இதில் பளிச்சென்று தெரியும். ஆனால் சூத்திரம் ஆங்கிலத்துக்குப் போட்டது. வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் தமிழில் அதே காட்சி குறைவான சொற்களில் முடிந்துவிடும். விடையில் கால்பங்கையாவது கழித்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

பார்வைக்கோணம் பற்றிய நான்காவது வகுப்பில், அருவமான செய்தியைச் சொல்லும் முன் தொட்டுணரத்தக்க ஒன்றை வைக்கச் சொல்லும் பகுதி நம் ஊருக்கென்றே சொன்னது போலிருக்கும். “அண்ணா, நம் பாட்டனார் கடல் கடந்து மூன்று தீவுகளை வென்றதை நீர் அறிவீர் அல்லவா?” என்று தம்பி கேட்க, அண்ணன் மேலும் இரண்டு பக்கத்துக்கு அதையே விளக்கும் உரையாடலை நம் சரித்திர, மிகுபுனைவுத் தொடர்களில் நிறையப் பார்த்தாயிற்று. இருவருக்கும் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இந்த வியாதிக்கு ஆங்கிலத்திலும் தனிப் பெயரே உண்டு.

பாத்திர வகுப்பில் மூன்று அளவுகோல்கள்: நமக்குப் பிடிக்கிறதா, தானாக இறங்கிச் செயல்படுகிறதா, திறமை இருக்கிறதா. மூன்றும் உச்சத்தில் இருக்கும் நாயகன் சுவரொட்டி. மூன்றும் தாழ்ந்திருந்தால் வாசகர் கழன்றுகொள்வார். ஒன்று உயர்ந்து ஒன்று ஏறிக்கொண்டிருந்தால் போதும். இதற்கு மேல் அந்த வகுப்பில் பெரிதாக ஒன்றுமில்லை.

குறைகள் உண்டு. மொழிநடை பற்றி ஏறத்தாழ ஒன்றும் கிடையாது. கண்ணாடி மாதிரி தெளிந்த, தன்னைக் காட்டிக்கொள்ளாத நடை அவருடையது. அதையே இயல்பு நிலையாக எடுத்துக்கொண்டு போகிறார். வட்டார வழக்கா பொதுத்தமிழா, பழந்தமிழ்ச் சொல்லை எங்கே நிறுத்துவது என்ற கேள்விகளோடு உட்காரும் நமக்கு வேறு ஆசான் வேண்டும். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஹாலிவுட் படங்கள். கேள்வி-பதிலுக்கென்றே ஒதுக்கிய வகுப்புகளைத் தாண்டிவிடலாம். பேச்சு வேகம், ஆங்கில வசனவரியை ஓடவிடுங்கள், தானியங்கித் தமிழ் வரியை நம்ப வேண்டாம். முக்கியமான ஒன்று, எழுதியதைக் குழுவாக உட்கார்ந்து படித்துப் பார்க்கும் பட்டறை காணொளியில் இல்லை. அவர் சொல்லும் ஒழுங்கை வைத்து நாமே நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தலாம்: படித்தவர் “இங்கே எனக்கு அலுப்புத் தட்டியது, இங்கே குழம்பினேன்” என்று தனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்ல வேண்டும், “இப்படி மாற்று” என்று வைத்தியம் சொல்லக் கூடாது, எழுதியவர் வாயைத் திறக்கவே கூடாது. வைத்தியம் சொல்லக் கூடாது என்ற விதிதான் முதலில் உடையும்.

வெளியீடு பற்றிய கடைசிப் பகுதியை அமெரிக்கச் சந்தைக்கு ஆங்கிலத்தில் எழுதுபவர் மட்டும் கவனமாகப் பார்த்தால் போதும். அங்கே முகவருக்கு 15 விழுக்காடு. கெட்டி அட்டைக்கு ராயல்டி பொதுவாக 10-இல் தொடங்கி 15 வரை ஏறும். மின்னூலில் பதிப்பாளருக்கு வருவதில் 25. தமிழில் முகவர் என்ற ஏற்பாடே வழக்கத்தில் இல்லை, பதிப்பாளரிடம் நேராகப் போகிறோம். சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய மாதங்களில் அனுப்பினால் கட்டுக்குள் கட்டாகக் கிடக்கும். காட்சி முடிந்து பிப்ரவரிக்குப் பிறகு அனுப்புவது மேல். ஆனால் உரிமைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை அந்தப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகிய ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தில் தனி வரியாக, காலவரையறையோடு இருக்க வேண்டும்.

கிண்டிலில் தாமே வெளியிடுபவர்களுக்கு அவர் சொல்லாத ஒரு கண்ணி இங்கே உண்டு. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 விழுக்காடு ராயல்டி வேண்டுமென்றால் அமேசானின் சுயவெளியீட்டுத் தளமான கேடிபியின் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் 35. சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்குப் பத்து விழுக்காடு வரைதான் வெளியே வைக்கலாம். பிரதிலிபி தளத்தில் தொடராக வந்த நாவலைக் கிண்டிலில் போடும்போது பலர் சிக்குவது இதில்தான். அந்தப் பத்து விழுக்காட்டுக்குள் அடங்கும் முதல் சில அத்தியாயங்களை மட்டும் விட்டுவிட்டு மீதித் தொடரை அங்கிருந்து எடுங்கள். அது உண்மையிலேயே போய்விட்டதா என்று கணக்கிலிருந்து வெளியேறி ஒரு தடவை பாருங்கள். அப்புறம் செலக்ட் பெட்டியில் குறியிடுங்கள். அச்சு நூலுக்கு இந்தத் தடை கிடையாது.