உப்புவெளி சனிக்கிழமை வகுப்பு: சூத்திரத்துக்கு முன் எண்ணிக்கை

பட்டப்படிப்பு மாணவர்களுக்காக திருகோணமலை உப்புவெளியில் சனிக்கிழமைகளில் நடக்கும் புள்ளிவிபர இயக்கவியல் (ஏராளமான துணிக்கைகளின் நடத்தையை எண்ணிக்கையாலும் நிகழ்தகவாலும் கணிக்கும் பௌதிகவியல் பிரிவு) வகுப்புக்கு இந்தத் தவணை முழுவதும் போய்வந்தேன். நான் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிப்பவள். துணிக்கைகளை எண்ணும் விடயத்தை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர்தான் நடத்துகிறார். சேர் கரும்பலகையில், துணிக்கை இருக்கக்கூடிய நிலைகளைக் குறிக்க மூன்று பெட்டிகளை வரைந்து, அ, ஆ என்ற இரு துணிக்கைகளை எத்தனை விதமாக வைக்கலாம் என்று எங்களையே எழுதச் சொன்னார். 9 வந்தது. பிறகு அந்த எழுத்துகளைப் பெருவிரலால் தேய்த்து அழித்து, வெறும் புள்ளிகளாக்கினார். "இப்போது எண்ணுங்கள் பிள்ளைகள்." 6. ஒரு பெட்டியில் ஒன்றுக்கு மேல் கூடாது என்றதும் 3. இந்த மூன்று கணக்குகளுக்கும் முறையே மக்ஸ்வெல்–போல்ட்ஸ்மான், போஸ்–ஐன்ஸ்டீன், பெர்மி–டிராக் என்ற பெயர்களை அதன் பிறகுதான் எழுதினார். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும் நிகழ்தகவு முதற்கணக்கில் மூன்றில் ஒன்று, போஸ் கணக்கில் சரிபாதி. போஸ் கணக்குக்கு உட்படும் துணிக்கைகளான போசோன்கள் கூடிச் சேர்வதற்குக் கவர்ச்சி விசை எதுவும் வேண்டியதில்லை என்பது அங்கேயே விளங்கிவிட்டது.

பின்வரிசை மாணவி ஒருத்தி, "9 ஐ 2 ஆல் வகுத்தால் போதாதா, சேர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. 4.5 என்று எழுதிவிட்டு, பெட்டிகளை 100 ஆக்கச் சொன்னார். வகுத்தால் 5000, போஸ் முறையில் 5050, பெர்மி முறையில் 4950. துணிக்கைகளை விடப் பெட்டிகள் பெருகப் பெருக வித்தியாசம் விகிதப்படி தேய்கிறது. அறைக் காற்றுக்கு அப்படி வகுக்கும் பழைய கணக்கு பொருந்துவதும், உலோகத்துக்குள் நெருங்கிக் கிடக்கும் இலத்திரன்களுக்குப் பொருந்தாததும் இதனால்தான்.

1924 இல் டாக்காவிலிருந்து போஸ் அனுப்பிய கட்டுரையை ஐன்ஸ்டீனே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்ததையும் சேர் ஆறுதலாகச் சொன்னார். நம் பிள்ளைகள் கட்டாயம் கேட்கவேண்டிய கதை.

குறைகளும் உண்டு. இரசாயன அழுத்தத்தை (chemical potential: துணிக்கை ஒன்றைச் சேர்க்கும்போது சக்தி மாறும் அளவு) அவசரமாகக் கடந்துவிட்டார்கள். அதற்கு இன்னொரு வகுப்பு வேண்டும். பிரதி எடுத்துத் தரும் குறிப்புகளில் கீழ்க்குறிகள் வாசிக்க முடியாத அளவுக்கு மங்கல். வகுப்பு பிந்தி முடிவதால் மூதூர்ப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடவேண்டியிருக்கிறது.

கடந்தகால வினாத்தாள்களை மட்டும் செய்து பார்க்க விரும்புவோருக்கு இந்த வேகம் போதாது. வரிசைமாற்றமும் சேர்மானமும் கைவந்தவர்கள் தயங்காமல் சேரலாம். கொப்பியும் பென்சிலும் கொண்டுபோங்கள், எண்ணுவது நீங்கள்தான்.